தற்செயல் என்றொரு சொல்

செல்வதாஸ் லேப்டாப்பைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தபோது ஷெர்லி மரச்சீனிக்குத் தொலி உரித்துக்கொண்டிருந்தாள். ஆடிச் சாரல் ஒரு வாரமாக விடவில்லை. ஆற்றூருக்கு மேற்கே அவர்கள் வீட்டைச் சுற்றி ரப்பர் மரங்கள். மழை நின்ற பிறகும் இலைகள் தம் பங்குக்கு வெகுநேரம் பெய்துகொண்டிருக்கும். அடுக்களைச் சுவரில் ஈரம் திட்டுத்திட்டாக ஏறியிருந்தது.

"ஷெர்லி, நாளைக்குக் கூட்டத்துல காட்டுத ஸ்லைடு. ஒருக்கா பாத்துத் தந்திரு."

"கையெல்லாம் மண்ணு."

"கழுவீட்டுப் பாரு. அவசரமில்ல."

அவர் எழுதியதை அவள் திருத்துவது கல்யாணத்துக்கும் முந்தைய பழக்கம். நாகர்கோவிலில் ஒரே கல்லூரியில் அவள் விலங்கியல், அவர் நுண்ணுயிரியல். பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாக வந்தவள் அவள். அவர் நடுவில் எங்கோ வந்தார். ஆராய்ச்சிக்கு இருவருக்குமே இடம் கிடைத்தது. ஒரு வீட்டில் ஒருவர் சம்பாதிக்க வேண்டுமே என்று பேச்சு வந்தபோது, அவளுக்குப் பள்ளிக்கூட வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. அவர் போனார். மருந்துக்குச் சாகாமல் தப்பிக்கும் பாக்டீரியாக்களைப் பற்றிய அவருடைய ஆய்வேட்டுக்குப் படம் வரைந்தது, டைப் அடித்தது, இங்கிலீஷைத் திருத்தியது எல்லாம் ஷெர்லிதான். முனைவர் பட்டம் வாங்கிய அன்று அவள்தான் பாயசம் வைத்தாள். அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. கசப்பு பிறகுதான் ஊறியது.

இப்போது அவர் ஒரு தனியார் கல்லூரியில் பேராசிரியர். மகள் ரெஜிஷா இரத்தப் புற்றுநோயில் போய் ஏழு வருடம் ஆகிறது. வேறு பிள்ளை இல்லை. மகள் போன அடுத்த வருடம் 'படைப்பின் சாட்சிகள்' என்றொரு ஐக்கியத்தில் சேர்ந்தார். படித்தவர்களின் ஐக்கியம். ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர், துபாயில் இருந்து திரும்பிய இன்ஜினியர், பல் டாக்டர் என்று பலர் இருந்தார்கள். உயிரியல் படித்தவர் இவர் ஒருவர்தான் என்பதால் மேடை இவருக்கே வந்தது. மண்டைக்காட்டுப் பக்கத்திலிருந்து பேச்சிப்பாறை வரைக்கும் சபைகளின் மதில்களில் அவர் படம் ஒட்டியிருந்தது. 'விஞ்ஞானி முனைவர் செல்வதாஸ் பேசுகிறார்: நாம் குரங்கிலிருந்து வந்தோமா?'

அதே பரிணாமப் பாடத்தை ஷெர்லி வருடா வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நடத்துகிறாள். அவளும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான், பாடகர் குழுவில் நிற்கிறவள்தான். கடவுள் செய்தார் என்பது கோயிலில், எப்படிச் செய்தார் என்பது வகுப்பில். இரண்டுக்கும் சண்டை இருப்பதாக அவளுக்குத் தோன்றியதில்லை. போன வாரம் முதல் பெஞ்சுக்காரி ஒருத்தி எழுந்து, "டீச்சர், இது பொய்யின்னு உங்க வீட்டு சாரு எங்க சர்ச்சில சென்னாங்களே. பரீட்சைக்கு எத எழுதணும்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. "புத்தகத்துல உள்ளத எழுது" என்று சொல்லிவிட்டு ஷெர்லி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது மடல் வரைக்கும் சுட்டது.

கையைத் துடைத்துக்கொண்டு ஸ்லைடுகளைப் பார்த்தாள். எழுத்துப்பிழை இரண்டைத் திருத்தினாள். பாதிக்கு மேல் போனபோது சிவப்பு எழுத்தில் பெரிதாக ஒன்று வந்தது. 'மரபணுவில் தற்செயலாக நேரும் மாற்றம் எந்த உயிருக்கும் நன்மை செய்ததாக ஒரு சான்றுகூடக் கிடையாது.'

ஷெர்லிக்குச் சிரிப்புத்தான் வந்தது. இந்த மனிதரின் ஆய்வேடு முழுக்க அந்தச் சான்றுதான். மருந்துக்குத் தப்பிப் பிழைத்த ஒவ்வொரு பாக்டீரியாவும் அப்படி ஒரு மாற்றத்தால்தான் பிழைத்தது. அந்தப் படங்களை இரவெல்லாம் உட்கார்ந்து வரைந்தவளே அவள்தான். கர்சரை அந்த வரியின் மேல் கொண்டுபோனாள். மதிலில் ஒட்டிய படம் ஞாபகம் வந்தது. விஞ்ஞானி. கையை எடுத்துக்கொண்டாள்.

"செரி. கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு."

"ஒண்ணும் மாத்தாண்டாமா?"

"வேண்டாம்."

அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு போனார். ஷெர்லி மிச்சக் கிழங்கை உரிக்க உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் செல்வதாஸின் அக்கா சத்தியபாய் குடையும் மீன்சட்டியுமாக வந்தாள். நாலு வீடு தள்ளித்தான் அவள் வீடு.

"ஏட்டி ஷெர்லி, சாளை கெடச்சுது. தீ வெல. விசைப்படகு போகாத சமயமில்லா. தம்பி கூட்டத்துக்குப் போறதுக்கு முந்தி ஒரு வாய் நல்லாத் தின்னட்டும்னு வாங்கினேன்."

"வாங்க மைனி. சாயா போடட்டா?"

"போடு. சீனி கொறச்சு." சத்தியபாய் அரிவாள்மணையை இழுத்துப் போட்டு மீனுக்குச் செதிள் எடுக்க ஆரம்பித்தாள். "இண்ணைக்கு நீ முன்னாலதான் இருக்கணும், கேட்டியா? நம்ம சபையில மொதத்தடவ பேசுதான். பொஞ்சாதி பின்னால போயி இருந்தா ஆளுவ என்ன நெனைப்பாவ?"

"எனக்குப் பேப்பர் திருத்தணும் மைனி."

"பேப்பரு எங்க ஓடிப்போவுது? போன மாசம் கருங்கல்ல நீ வரல. கூட்டம் முடிஞ்சப்பம் ஒரு பொம்பள எனக்க தம்பிக்க கையப் பிடிச்சுகிட்டு விட்டாளா? என்ன அழுகை! ரெஜிஷா மோளுக்க பேரச் செல்லி எல்லாரும் எழும்பி நின்னு ஜெபம் பண்ணினாவ."

ஷெர்லி அடுப்பைக் குறைத்தாள். "ரெஜிஷாவப் பத்தி அங்க பேசினாரா?"

"பேரு மட்டும் செல்லுவான். எனக்கொரு மோளு இருந்தா, இப்பம் கர்த்தர்கிட்ட இருக்கான்னு செல்லுவான். பின்ன பேச மாட்டான். உங்கிட்ட செல்லலியா?"

"சென்னாரு, சென்னாரு" என்றாள் ஷெர்லி.

அவர் சொல்லவில்லை. ஏழு வருடத்தில் இந்த வீட்டுக்குள் அவர் அந்தப் பெயரை உச்சரித்து அவள் கேட்டதில்லை. அவள் சொன்னால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். மகளின் துணிகளை எடுத்துக் கொடுத்தவள் அவள். பிறந்தநாள் அன்று கல்லறைக்கு மெழுகுவர்த்தி வாங்கிப் போகிறவளும் அவள்தான். அழுவதற்குக் கருங்கல்லில் யாரோ ஒரு பொம்பளை. ஷெர்லி தேங்காயும் மிளகும் மஞ்சளும் வைத்து அரைத்தாள். தேவைக்கு மேலே அரைத்துக்கொண்டே இருந்தாள். "போதும் பிள்ளே, வெண்ணெயாப் போச்சு" என்று சத்தியபாய்தான் நிறுத்தினாள்.

சபை மண்டபத்தில் அன்று சாயங்காலம் நாற்காலி போதவில்லை. மழைக்கு ஒதுங்கினவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். நனைந்த குடைகள் வாசலில் குவிந்து கிடந்தன. ஷெர்லி மூன்றாவது வரிசையில் சத்தியபாய் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

செல்வதாஸ் நன்றாகவே பேசினார். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் மேடையில் சிரிக்க வைத்தார், கேள்வி கேட்டார், பதிலைக் கூட்டத்தின் வாயிலிருந்து வாங்கினார். தேனீயின் கண்ணையும், முட்டைக்குள் கோழிக்குஞ்சு ஓட்டை உடைக்கும் விதத்தையும் சொன்னபோது முன்வரிசைப் பெரியவர்கள் தலையாட்டினார்கள். வகுப்பில் இந்த ஆர்வத்தில் பாதியை வாங்க அவள் படும் பாடு அவளுக்குத்தான் தெரியும். இவருக்குச் சும்மா கொட்டுகிறது. அந்தச் சிவப்பு எழுத்து வரட்டும் என்று காத்திருந்தாள்.

வந்தது. அவர் அதை வாசித்துவிட்டுக் கடந்தார். கேள்வி நேரத்தில் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ஜெஸ்மி. ஷெர்லியிடம் படித்தவள். இப்போது திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். விடுமுறைக்கு வந்திருக்கிறாள்.

"சார், எதிர்த்துப் பேசுதேன்னு நெனைக்கப்பிடாது. அந்தச் சிவப்பு ஸ்லைடுல ஒரு சந்தேகம். மாற்றம் ஒருக்காலும் நன்ம செய்யாதுன்னு போட்டிருக்கிய. மருந்துக்குச் சாகாத பாக்டீரியாவப் பத்தி சார் எழுதுன பேப்பரத்தான் எங்க லேப்ல மொதல்ல வாசிக்கச் சென்னாங்க. அதுல மாற்றம் வந்ததுகொண்டுதானே அது பிழைக்குது? அது நன்மதானே சார், அதுக்கு?"

கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தம் பெரிதாகக் கேட்டது. சத்தியபாய் திரும்பி, "யாரு அந்தப் பெண்ணு?" என்றாள். ஷெர்லி மேடையையே பார்த்தாள். உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது என்பது அவளுக்கே தெரிந்தது.

செல்வதாஸ் மைக்கைப் பிடித்தபடி நின்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மோளு செல்லியது உண்மைதான்" என்றார். "அந்த ஸ்லைடு தப்பு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. முன்வரிசையில் இருந்த ஐக்கியத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"பாக்டீரியாவுக்கு நன்மதான். நாலு வருஷம் நான் பாத்தது அதத்தான். பின்ன எனக்க மோளுக்கு ரத்தத்துல கேன்சரு வந்துது. ஏன் வந்துதுன்னு டாக்டர்கிட்ட கேட்டேன். அவரு நல்ல மனுசன். தோள்ல கை வெச்சு, யாருக்க தப்பும் இல்ல சார், ஒரு செல்லுல தற்செயலா நடந்த ஒரு மாற்றம்னு சென்னாரு. தற்செயல். நான் எனக்க புத்தகத்துல எத்தன எடத்துல எழுதியிருக்கேன் அந்த வார்த்தைய! எழுதும்பம் ஒண்ணும் தோணல."

தண்ணீர் கொடுத்தார்கள். குடிக்கவில்லை.

"கடைசி நாள் சாயங்காலம் ஆசுபத்திரியில அவளுக்க கட்டில்ல இருந்தேன். அவளுக்க அம்மை கஞ்சி வாங்கப் போயிருந்தா. பிள்ள எனக்கிட்ட கேட்டா, அப்பா, எனக்க ரத்தத்துல தப்புப் பண்ணினது யாருன்னு. ஒம்பது வயசு. நான் அவளுக்குத் தற்செயல்னு செல்லணுமா? செல்லுங்க! எனக்க மோளே, உன்ன உண்டாக்கினவருக்க கையிலதான் நீ இருக்கியன்னு சென்னேன். அண்ணையில இருந்து அதத்தான் செல்லிகிட்டு இருக்கேன். எனக்கு அந்த வார்த்தையோட இருக்க முடியாது. அதுதான் எனக்க அறிவியல்."

மண்டபமே அழுதது. சத்தியபாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். ஜெஸ்மியும் அழுதாள். யாரோ பாட்டு எடுத்தார்கள். ஆட்கள் மேடையைச் சுற்றி நின்று அவர் மேல் கைவைத்து ஜெபித்தார்கள். பத்துக் கைகள், இருபது கைகள். அவருடைய தலை அந்தக் கைகளுக்கு நடுவே தெரியாமல் போயிற்று.

ஷெர்லியின் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. மகள் கடைசியாகக் கேட்ட கேள்வியை இந்தக் கூட்டத்தோடு கூட்டமாக அவளும் இப்போதுதான் கேட்கிறாள். அன்று கஞ்சியோடு திரும்பி வந்தபோது பிள்ளை உறங்கியிருந்தது. விடியும் முன்னே மூச்சு முட்டி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு பேசவே இல்லை. கடைசிப் பேச்சு என்ன என்று தெரியாமல் ஏழு வருடம் இருந்தவள் அவள். இவரிடம் அது இருந்திருக்கிறது. வைத்திருந்து, ஊருக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார்.

குடையைத் தேடி எடுத்துக்கொண்டு தனியாக வீட்டுக்கு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போகவில்லை. அவர் கூப்பிடவும் இல்லை. மணி அடித்து ஓய்ந்த பிறகு பின்பக்கத்தில் ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் செட்டுக்குப் போனாள். முந்தின நாள் வெட்டிய ரப்பர் பால் தட்டுகளில் உறைந்து, கெட்டித் தயிர்போல் வெள்ளையாக நின்றது. அன்றைக்கே அடிக்காவிட்டால் வீணாகிப் போகும். ஐக்கியத்தில் சேர்ந்ததிலிருந்து ஞாயிறு வேலை கூடாது என்று அவர் விட்டுவிடுவார். வீணானாலும் சரி என்பார். ஷெர்லி நைட்டியை வரிந்து செருகிக்கொண்டு, தட்டைக் கவிழ்த்து, உறைந்த பாலைக் கையால் அமுக்கித் தட்டையாக்கினாள். ஆசிட் நெடி மூக்கில் ஏறியது. ரோலரை ஒருவர் சுற்ற ஒருவர் கொடுக்க வேண்டும். அவள் ஒரு கையால் சுற்றி மறு கையால் திணித்தாள். ஷீட் கோணிக்கொண்டு வந்தது.

கோயில் முடிந்து வெள்ளைச் சட்டையோடு செல்வதாஸ் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் போட்டுவிட்டுச் சக்கரத்தின் கைப்பிடியைப் பிடித்தார்.

"ஞாயித்துக்கெழம" என்றாள் ஷெர்லி.

"பரவால்ல. குடு."

மூன்று ஷீட் கோணாமல் வந்தது. தண்ணீர் பிதுங்கிக் காலடியில் ஓடியது.

"அந்த ஸ்லைடு தப்புன்னு வெள்ளிக்கெழமையே பாத்தேன்" என்றாள் அவள். "வேணும்னுதான் விட்டேன். நீங்க நாலுபேருக்கு முன்னால நாணங்கெடணும்னு நெனச்சேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ கொள்ளாம்னு சென்னப்பமே தெரியும். நீ ஒருநாளும் கொள்ளாம்னு செல்ல மாட்ட." அவர் சக்கரத்தை நிறுத்தவில்லை. "அது தப்புன்னு எனக்குத் தெரியாதா ஷெர்லி? வெக்கும்பமே தெரியும். நீ எடுத்துப் போடுவன்னு நெனச்சுத்தான் வெச்சேன். நீ எடுத்துட்டா நான் அதச் செல்லாண்டாமே."

ஷெர்லி கையில் இருந்த ஷீட்டைக் கீழே வைத்தாள்.

"எனக்குப் பொறாமையா இருந்துது" என்றாள். "நீங்க விஞ்ஞானி. நான் ஊருக்கு டீச்சரு. அது போவட்டும். அது ஒண்ணும் பெருசில்ல. நேத்து அத்தன பேரு உங்க தலையில கை வெச்சாவளே, அதப் பாத்து எனக்கு வயிறு எரிஞ்சுது. எனக்க பிள்ளைக்கு எனக்கும் சேத்து நீங்களே அழுது முடிச்சிட்டிய. அவ கேட்டத ஊருக்குச் செல்லியிருக்கிய. எனக்குச் செல்லல. நான் அவளுக்கு யாரு? கஞ்சி வாங்கப் போனவளா?"

"உங்கிட்ட செல்லப் பயம்."

"நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?"

"நீ திருத்துவ" என்றார் செல்வதாஸ். "நான் என்ன சென்னாலும் நீ திருத்துவ. அவங்க ஆமென்னு செல்லுவாங்க. எங்க கூட்டத்துல இருக்கப்பட்ட எல்லாருக்கும் ஒரு ரெஜிஷா உண்டு, ஷெர்லி. அந்த பிசிக்ஸ் சாருக்குப் பொஞ்சாதி. இன்ஜினியருக்கு, கோயிலே வேண்டாம்னு போன மகன். யாரும் யாரையும் திருத்த மாட்டோம். அதுக்குத்தான் போறோம்."

ஷெர்லி அடுத்த தட்டைக் கவிழ்த்து அமுக்கினாள். தூரத்தில் சத்தியபாய் வீட்டு நாய் குரைத்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"உன்ன உண்டாக்கினவருக்க கையில இருக்கியன்னு சென்னதும், பிள்ள என்ன சென்னா?"

அவர் கைப்பிடியைப் பிடித்தபடி குனிந்துகொண்டார்.

"நான் அப்படிச் செல்லல."

"பின்ன?"

"அது பிற்பாடு உண்டாக்கினது. மேடைக்கு. அண்ணைக்கு எனக்கு வாயில ஒண்ணும் வரல. அம்மை இப்பம் வருவா, அம்மைக்குத்தான் இதெல்லாம் தெரியும், அம்மைகிட்ட கேளுன்னு சென்னேன். செரி, அம்மை வரட்டும்னு கண்ண மூடினா. நீ வாரதுக்குள்ள ஒறங்கிட்டா."

ஷெர்லி ரோலரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு வரவேண்டிய கேள்வியத்தான் நான் வெச்சிருந்தேன்" என்றார் அவர். "எப்படித் தருவேன்? தந்தா நீ பதிலுக்கு எங்க போவ?"

மறுபடி தூறல் பிடித்தது. செட்டின் ஓலைக்கீற்று வழியாக ஒழுகிய தண்ணீர் அவர் முதுகில் விழுந்தது. அவர் நகரவில்லை.

"செல்லு. நீ அப்பம் அங்க இருந்திருந்தா என்ன செல்லியிருப்ப?"

அவள் அதை வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவள். படம் போட்டு, அம்புக்குறி போட்டு, பிள்ளைகளுக்கு விளங்கும்வரை மூன்று தரம் சொல்கிறவள். யோசித்துப் பார்த்தாள். அவர் சொல்லும் பதில் வரவில்லை. அவள் நடத்தும் பதிலும் வரவில்லை.

"ஒண்ணும் செல்லியிருக்க மாட்டேன்" என்றாள். "மடியில எடுத்து வெச்சிருப்பேன்."

செல்வதாஸ் சக்கரத்தின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. ஷெர்லி ஆசிட் கையை நைட்டியில் துடைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள். அங்கே வேறு யாரும் இல்லை.